வெட்டக் கூடாத கரை

காலையில் எழுந்ததும் லம்வாக்கா முதலில் பார்ப்பது சின்னவள் லபேரின் கழுத்தைத்தான். கேழ்வரகுக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைப்பாள். வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ வேலை கிடப்பதுபோல அரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். சாப்பாட்டைக் கண்டதும்தான் இந்தத் தலை தொங்கும் நோய் தன் வேலையைக் காட்டும். பெரியவள் பிலோயாவுக்கு ஆறாவது வயதில் ஒருநாள் கஞ்சிக்கு முன்னால் தலை தொங்கித் தொங்கி விழுந்தது. விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து லம்வாக்கா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அதை நினைத்தால் இன்றும் அவளுக்குக் கை கூசும்.

பிலோயாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. உடம்பு எட்டு வயதுப் பிள்ளையின் அளவில் நின்றுவிட்டது. வலிப்பு மாத்திரை சுகாதார நிலையத்தில் இருக்கிற மாதம் கொஞ்சம் பேசுவாள், இல்லாத மாதம் வாயில் எச்சில் வடியும். அடுப்பிலோ ஆற்றிலோ விழுந்துவிடக் கூடாது என்று, வயலுக்குப் போகும்போது அவள் இடுப்பில் துணிக்கயிறு கட்டி வெண்ணெய்க்கொட்டை மரத்தில் பிணைத்துவிட்டுப் போவாள் லம்வாக்கா. அந்தக் கயிற்றைப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் ஏராளம். அதை அவிழ்க்க வழி சொன்னவர் ஒருவரும் இல்லை. லபேருக்கு அடுத்த எள் அறுவடையில் ஆறு வயது முடியும்.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்த கதை நீளம். முதலில் வந்தவர்கள் ரத்தம் எடுத்தார்கள். அடுத்து வந்தவர்கள் முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அப்புறம் முடி, நகம். சண்டைக் காலத்தில் முகாமில் என்ன தின்றீர்கள் என்று ஒரு கூட்டம் கேட்டது. தாய்மாரின் மனநலம் பார்க்க வந்த ஒரு பெண், போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனசு சோர்ந்திருந்தது என்று கேட்டாள். எண்ணிப் பார்க்கத் தனக்கு நேரம் இல்லை என்றாள் லம்வாக்கா. அந்தப் பெண் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டு, மனசு திடமாக இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனாள். எந்தக் கூட்டம் வந்தாலும் போகும்போது கையில் ஒரு நீலச் சோப்புக்கட்டி. கிட்கும் டவுனில் எந்தக் கடையிலும் கிடைக்கிற சோப்பு. வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் வந்தது உண்டு, சோப்புக்கு வந்ததில்லை.

கடைசியில் வந்தது ஈக் கூட்டம். லமோட் ஆற்றின் வேகமான நீரில், பாறை இடுக்குகளில் தொங்கும் புல்லில், கூன்முதுகுக் கருப்பு ஈயின் புழுக்கள் ஒட்டி வளர்கின்றன. ஈ கடித்து உடம்புக்குள் ஒரு நூல்புழுவை விடுகிறது. அந்தப் புழுவுக்கும் தலை விழுவதற்கும் தொடர்பு இருக்கலாம். புல்லை வெட்டிக் கரையில் இழுத்துப் போட்டால் புழு வெயிலில் சாகும், ஈ குறையும். இவ்வளவு வருஷத்தில் இவர்கள் சொன்னதிலேயே லம்வாக்காவுக்குப் புரிந்த பேச்சு இது ஒன்றுதான். உடனே அரிவாளைத் தீட்டினாள். ஆனால் கீழ்க்கரை ஊர்கள்தான் வெட்டும் என்றும் அவள் ஊர் இருக்கிற மேல்கரை வெட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். வெட்டிய கரையையும் வெட்டாத கரையையும் இரண்டு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியுமாம்.

மேல்கரையை வெட்டாத கரையாக எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அங்கே நீர் பாயும் பாறையில் ஜோக் என்கிற ஆவி குடியிருக்கிறது, இரும்பு பட்டால் அதற்கு ஆகாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். காவலுக்கு ஆளே வேண்டாமே என்று, ஈக் கூட்டத்துக்குத் தலைவராகக் கம்பாலாவிலிருந்து வந்த டாக்டர் செம்பாலாவுக்கு ஒரே சந்தோஷம். ஆவிக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரே கரை தேவைப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகளின் கால்களை ஈ கடித்துக்கொண்டிருந்தது.

லம்வாக்காவின் புருஷன் ஓஜாராவுக்கு அந்தக் கூட்டத்தில் வேலை கிடைத்தது. ஏழாவது வரை படித்தவன், ஆங்கிலம் ஓரளவு புரியும். வாரத்தில் திங்களும் வியாழனும் காலை ஏழு மணிக்குக் கரையில் முக்காலி போட்டு, கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு உட்கார வேண்டும். காலில் ஈ வந்து அமர்ந்ததும், அது குத்துவதற்கு முன்னால் சின்னக் கண்ணாடிக் குப்பியால் கவிழ்த்துப் பிடித்து மூடி போட வேண்டும். மணிக்கு எத்தனை ஈ என்று நோட்டில் எழுத வேண்டும். இதற்கு அவனுக்கு ஒரு தொப்பியும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்தார்கள். தொப்பி வந்த மறுநாளே நடை மாறிவிட்டது. களிக்கு உட்காரும்போதும் கழற்றுவதில்லை. நேரம் கேட்காதவர்களிடமும் நேரம் சொன்னான்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. கீழ்க்கரையில் வாக்கப்பட்டிருந்த ஓஜாராவின் தங்கை லாகொட் எள் தட்டுவதற்கு ஆள் கூப்பிட்டாள். லபேரை இடுப்பில் வைத்துக்கொண்டு லம்வாக்கா போனாள். எள் கதிர்களைக் கவிழ்த்து உதறிக்கொண்டே, மதியம் வரை ஒரு ஈகூடக் கடிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

"உங்க பக்கம் ஈயே இல்லையா லாகொட்?"

"வெட்டி இழுத்துப் போட்டோம்ல அண்ணி. மூணாம் வாரமே ஓஞ்சிருச்சு. இப்ப ஆத்துல நின்னு நிதானமா ஊர்க்கதை பேசிட்டு வாரோம். உங்க ஊருப் பொம்பளைங்களுக்குக் கை என்ன சூம்பியா போச்சு?"

"எங்களை வெட்டக் கூடாதுன்னுட்டாங்க. ஒப்பிட்டுப் பாக்கணுமாம்."

"எதோட?"

"உங்களோட."

லாகொட் சிரிக்க வாயெடுத்தாள். அண்ணியின் இடுப்பில் இருந்த பிள்ளையின் கணுக்காலில் வரிசையாகக் கிடந்த கடித்தழும்புகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கிளம்பும்போது ஒரு கூடை எள்ளோடு, புல் வெட்டுவதற்கென்று ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த அரிவாள்களில் ஒன்றையும் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

மேற்பார்வையாளன் கோமகெச் மாதம் ஒருமுறை மோட்டார் பைக்கில் வருவான். பைக்கை விட்டு இறங்க மாட்டான். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே நோட்டை வாங்கி, குப்பிப் பெட்டியை வாங்கி, புது நோட்டைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக்கொண்டு போவான். ஆற்றங்கரைக்கு அவன் வந்ததே இல்லை. லம்வாக்கா பைக்கின் முன்னால் போய் நின்று, தங்கள் கரையையும் வெட்ட விடும்படி கேட்டாள்.

"இன்னும் ஒரு வருஷந்தானே பிலோயா அம்மா. பொறுத்துக்கிட்டா உலகத்துக்கே நல்லது."

"அதுக்குள்ள எம் புள்ள கழுத்து விழுந்துச்சுன்னா?"

"விழுந்தா நாங்க எழுதிக்குவோம்."

ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கு அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பவில்லை. வீட்டுக்குப் போய் மரவள்ளிக் கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள்.

மரவள்ளியின் கசப்புப் போக அதை மூன்று நான்கு நாள் ஆற்றில் ஊறப்போட வேண்டும். பெண்கள் எல்லாரும் செய்வதுதான், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். ஓஜாரா முக்காலி போடாத நாட்களாகப் பார்த்து, கிழங்குக் கூடையின் அடியில் அரிவாளைப் படுக்கவைத்துக்கொண்டு லம்வாக்கா பாறைக்கு இறங்கினாள். முதல்நாள் அரிவாள் ஓங்கும்போது ஜோக்கை நினைத்துக் கை ஒரு கணம் நின்றது. பிறகு, பிலோயாவுக்கு வந்ததை விடவா பெரிதாக இது என்ன செய்துவிடும் என்று தோன்றியது. வெட்டினாள்.

தொடை அளவு தண்ணீர் ஆளை இழுத்தது. ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு மறு கையால் புல்லின் அடியை அறுத்து, கொத்தாக உருவிக் கரையில் எறிய வேண்டும். ஒவ்வொரு இலையிலும் புழு எள்ளைப்போல அப்பியிருந்தது. விரலால் வழித்தால் வழுக்கியது. அதைக் கண்டதும் அவளுக்கு அருவருப்பு வரவில்லை, வெறி வந்தது. அரிவாள் வழுக்கி விரல் கிழிந்தது, நாணல் முனை முழங்கையைக் கீறியது. கரையில் கிடந்த புல் மதியத்துக்குள் வெயிலில் சுருண்டுவிடும். ஆறு நாளில் பாறை மொட்டையானது. மழைக்காலத்தில் மாதாமாதம் துளிர்த்தது, அவளும் மாதாமாதம் இறங்கினாள். ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள். பார்த்தும் தங்கள் கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு பேசாமல் போனார்கள். தாங்கள் செய்யப் பயந்ததை இன்னொருத்தி செய்தால் வேடிக்கை பார்ப்பதில் அவர்களுக்கு ஈடு கிடையாது.

வெட்டத் தொடங்கிய மூன்றாம் வாரமே ஈ ஓய்ந்திருந்தது. பிலோயாவின் காலில் ஆறாமல் கிடந்த புண்கள் காய்ந்து பொருக்குத் தட்டின.

அதன்பின் ஒரு திங்கட்கிழமை, களியும் எள் அரைத்துவிட்ட புளிச்சக்கீரையும் எடுத்துக்கொண்டு புருஷனுக்குக் கொடுக்கக் கரைக்குப் போனாள். அவன் இல்லை. முக்காலியும் இல்லை. கள்ளுக் குடிசையில் பார்த்தாள், அங்கும் இல்லை. அந்தி சாயும்போது குப்பிப் பெட்டியோடு வந்தான். பெட்டி நிறைய ஈ.

"எங்க போயிருந்த?"

"வேலைக்கு."

"நானும் அங்கதான் போனேன். அங்க உன் காலும் இல்ல, ஈயும் இல்ல."

ஓஜாரா தொப்பியைச் சரிசெய்துகொண்டான். ஆற்றோரமாக மேலே அரைமணி நேரம் நடந்தால் மேல்பாறை, அங்கே யாரும் புல் வெட்டவில்லை, ஈ மொய்க்கிறது. ஒரு மாதமாக அங்கே உட்கார்ந்துதான் பிடிக்கிறான். நோட்டில் மட்டும் பழைய கரையின் பெயரை எழுதுகிறான். கடிகாரம் நேரத்தைத்தானே காட்டும், இடத்தையா காட்டும் என்று வேறு கேட்டான். வெட்டியது யார் என்று அவன் கேட்கவில்லை. அவள் கைக் கீறல்களை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"தொப்பி போயிருமேன்னு பொய் எழுதுறியா?"

"ஏ புள்ள, யோசிச்சுப் பாரு. கோமகெச் என்ன சொல்லியிருக்கான்? ரெண்டு கரையிலயும் ஈ கொறஞ்சா, வெட்டுனதால கொறயல, மழையால கொறஞ்சதுன்னு எழுதிருவாங்களாம். கீழ்க்கரையிலயும் வெட்டுறதை நிறுத்திருவாங்க. லாகொட் புள்ளைங்களை நெனச்சுப் பாரு. நான் எழுதுறது பொய்தான். ஆனா வெட்டுனா ஈ கொறயுங்கிறது மெய்தானே?"

அவன் யோசித்துச் செய்ததல்ல அது. கடிகாரத்தைக் காப்பாற்ற மேல்பாறைக்கு ஓடினவன், போகிற வழியில் ஒரு தருமத்தைப் பொறுக்கி எடுத்திருந்தான். இருந்தாலும் தான் வெட்டினால் லாகொட்டின் கரையில் வெட்டு நின்றுபோகும் என்பது அவள் நினைத்தே பார்க்காதது. சாப்பாட்டை அவன் முன்னால் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் வெட்டினாள், அவன் மேல்பாறைக்குப் போனான். 

எள் அறுவடை வந்தது. லபேருக்கு ஆறு முடிந்தது. கிண்ணத்தின் முன்னால் கழுத்து நேராகவே நின்றது. ஊரில் அந்த வருஷம் எந்தப் பிள்ளைக்கும் புதிதாகத் தலை விழவில்லை. லம்வாக்கா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயந்தாள்.

இரண்டாம் வருஷ முடிவில் டாக்டர் செம்பாலா முடிவைச் சொல்ல வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். பளபளக்கும் பழுப்பு நிறச் செருப்பு போட்டிருந்தார், வண்டியிலிருந்து நாற்காலிக்கு வரும் வழியில் சாணியைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கினார். அவர் ஆங்கிலத்தில் பேச, கோமகெச் பக்கத்தில் நின்று ஊர்மொழியான அச்சோலியில் சொன்னான். முதலில் ஓஜாராவைக் கூப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் ஒரு மணிகூட விடாமல் ஈ பிடித்தவர் இவர் ஒருவர்தானாம். எல்லாரும் கைதட்டினார்கள். கீறல் விழுந்த கைகளோடு லம்வாக்கா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு முடிவைச் சொன்னார். கீழ்க்கரையில் ஈ ஓய்ந்துவிட்டது. மேல்கரையில் ஈ முன்போலவே இருக்கிறது. ஆனால் இந்த வருஷம் இரண்டு கரையிலும் புதிதாகத் தலை விழுந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஈ இவ்வளவு இருந்தும் மேல்கரையில் நோய் வரவில்லை என்றால், ஈ காரணம் அல்ல என்றுதான் அர்த்தம். ஆகவே புல் வெட்டும் வேலை இன்றோடு நிற்கிறது, கொடுத்த அரிவாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அடுத்த மாதம் மரவள்ளியைப் பற்றிக் கேட்க வேறு குழு வரும். இவ்வளவையும் நல்ல செய்தி சொல்கிறவரின் முகத்தோடு சொன்னார்.

லம்வாக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஓஜாரா சான்றிதழின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் பொறுக்கிய தருமம் இப்போது எங்கே போயிற்று என்று கேட்க அங்கே இடமில்லை. அவள் எழுந்தாள்.

"ஐயாகிட்ட சொல்லு கோமகெச். அந்தக் கரையில புல்லே இல்ல. ஒரு வருஷமா நாந்தான் வெட்டுனேன். எம் புருஷன் எழுதுனது மேல்பாறை ஈ. எங்க கரையிலயும் ஈ இல்ல, அதனாலதான் எங்க புள்ளைங்களுக்குத் தலை நிக்குது. ஐயா வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆத்துல எறங்கிப் பாக்கட்டும். இங்கேருந்து கூப்பிடு தூரந்தான்."

 கோமகெச் டாக்டரின் பக்கம் குனிந்து நாலு வார்த்தை சொன்னான். டாக்டரின் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்து லம்வாக்காவுக்குத் தலை வணங்கினார். வண்டியில் ஏறுமுன் ஆளை விட்டு, அவளுக்கு மட்டும் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சோப்புக்கட்டி கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"உனக்கு அந்தப் பேச்சு புரியும்ல. அவன் என்ன சொன்னான்?"

ஓஜாரா சான்றிதழை நாலாக மடித்தான்.

"சொல்லு."

"சோப்பு குடுத்ததுக்கு நீ நன்றி சொல்றதா சொன்னான்."

"நீ கேட்டுக்கிட்டு இருந்த."

"இருந்தேன்."

"தொப்பியோட."

டாக்டர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. செருப்பில் சேறு படாமல் ஆற்றைத் தெரிந்துகொள்ள நினைக்கிற ஆள், அவ்வளவுதான். கோமகெச் அந்த வாயால் பிழைக்கிறவன். ஆனால் தன் சட்டியில் சாப்பிடுகிற இந்த மனுஷன், லபேருக்குத் தகப்பன், எழுந்து நாலு வார்த்தை சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்கவே அவளுக்கு வெறுத்தது. அவன் பாயை எடுத்து வாசலில் போட்டாள். இரண்டு சோப்புக்கட்டியையும் அதன்மேல் வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் பிலோயாவை முதுகில் சுமந்துகொண்டு, லபேரைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு இறங்கினாள். முதல்மழை பெய்திருந்தது, புல் துளிர்விட்டிருந்தது. கிழங்குக் கூடையை இந்த முறை கொண்டுவரவில்லை. அரிவாளை எல்லாரும் பார்க்கத் தோளில் வைத்திருந்தாள்.

பாறையில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். டாக்டருக்குத்தான் மொழிபெயர்ப்பு வேண்டும், ஊருக்கு வேண்டாம். அவள் சொன்னதை ஒவ்வொருத்தியும் தாய்மொழியிலேயே கேட்டிருந்தாள். ஒரு வருஷம் வேடிக்கை பார்த்தவர்கள்தான், அதற்காக யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஜோக்குக்கு இரும்பு ஆகாது என்று ஊரைப் பயமுறுத்தியவரின் பெண்டாட்டி, ஒரு பிடி கேழ்வரகு மாவைப் பாறையில் தூவி, கோபித்துக்கொள்ளாதே என்று முணுமுணுத்துவிட்டு முதல் கொத்தை அவளே அறுத்தாள். கீழ்க்கரைக்கும் ஆள் அனுப்ப வேண்டும், வாங்க வருகிறவர்களிடம் லாகொட் அரிவாள்களைக் கொடுத்துவிடக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள்.

வெயில் ஏறியபோது ஓஜாரா வந்தான். தொப்பி இல்லை, கடிகாரம் இருந்தது. இத்தனை காலமும் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் முக்காலியைப் போட்டு, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, பழைய நோட்டை மடியில் விரித்தான். பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன சார், ஈ ஒண்ணும் சிக்கலையா?" என்றாள் ஒருத்தி.

"கால்ல தேனைத் தடவிப் பாருங்க சார்," என்றாள் இன்னொருத்தி.

அவன் தலையைத் தூக்கவில்லை. ஒரு மணி போனதும் பூஜ்யம் எழுதினான். அடுத்த மணிக்கும் பூஜ்யம். ஒரு வருஷத்தில் அவன் எழுதிய முதல் உண்மை. அதை வாங்கிக்கொண்டு போகக் கோமகெச்சின் பைக் இனி வரப்போவதில்லை.

லம்வாக்கா தண்ணீரிலிருந்து ஏறி அவனிடம் வந்தாள். அவள் பாவாடையிலிருந்து தண்ணீர் நோட்டின்மேல் சொட்டியது.

"புஸ்தகத்தை மூடு. இதைப் பிடி," என்று பிலோயாவின் இடுப்புக்கயிற்றின் நுனியை அவன் கையில் கொடுத்தாள். அவன் நோட்டை மூடிக் கீழே வைத்தான். கயிற்றை மணிக்கட்டில், கடிகாரத்துக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். பிலோயா ஊர்ந்து வந்து அவன் காலில் சாய்ந்தாள்.

பிறகு லம்வாக்கா கரையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சியை லபேருக்கு ஊற்றினாள். இந்த முறை அரைப்பக்கம் திரும்பவில்லை. நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். லபேர் கடைசி வாய் வரை குடித்துவிட்டு, கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினாள். கழுத்து நேராக நின்றது. லம்வாக்கா கிண்ணத்தை ஆற்றில் அலசி வைத்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள்.